மூன்றாவது ஊசி

அன்று அந்த ஆய்வகத்தில் இருந்தவர்களை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர். தாவரவியல் பேராசிரியர். செய்முறைப் பரீட்சை எழுத வந்த பதினாறு பேர். அதில் ஐந்து பேர் பெண்கள். அப்பாவோடு கூட வேலைபார்த்த மாமா. அப்பா. வாசல் நிலையை ஒட்டி, கையில் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு நான். மொத்தம் இருபத்தொரு பேர். இப்போதும் ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மா அங்கே இல்லை. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எதையும் மூன்று முறை எண்ணுவது என் வியாதி. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்ப்பேன். மாத்திரை அட்டையை மூன்று முறை தடவிப் பார்ப்பேன். வயசானதால் வந்தது என்று என் மகன் நினைக்கிறான். உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும், உங்கள் வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இது பதினோரு வயதிலேயே வந்துவிட்டது.

போன மாதம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். பைன் மரக்காட்டில் இறக்கிவிட்டார்கள். எல்லாரும் மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த ஊசியிலைகளைப் பொறுக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கொத்துக்கு மூன்று. அடுத்ததிலும் மூன்று. "ஆச்சி, கொஞ்சம் தள்ளுங்க, போட்டோவுல விழுதீங்க" என்றான் ஒரு பையன். தள்ளி உட்கார்ந்தேன். அங்கேயும் மூன்றுதான். இரண்டு ஊசி இருக்கிற ஒரு கொத்து கிடைத்தால் போதும் என்று இருந்தது. கிடைக்கவில்லை. கூட வந்தவள், "என்னக்கா, கம்மல் திருகாணி விழுந்துட்டா?" என்று அவளும் சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் எனக்குச் சட்டென்று வரும்.

அப்பா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் தினக்கூலி உதவியாளர். கடல்புறத்து ஆள். ஆறாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவர், கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்து எடுத்து, கடைசியில் கரையேறி இந்தப் பக்கம் வந்துவிட்டார். நாங்கள் வண்ணார்பேட்டையில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசலுக்குள் வரிசையாக எட்டு வீடு. எங்களுடையது ஒரு அறை, ஒரு அடுக்களை.

படிக்காதவர் என்றாலும் அப்பாவின் கை படித்தவர் கை. ஒரு தண்டை உருளைக்கிழங்குத் துண்டுக்குள் செருகி, சவரப் பிளேடால் சீவினார் என்றால் வெங்காயத் தோலைவிட மெல்லிசாக விழும். மாணவர்கள் பேராசிரியர் அந்தப் பக்கம் போனதும், "அண்ணாச்சி, ஒரே ஒரு செக்‌ஷன் சீவித் தாங்க அண்ணாச்சி" என்று வந்து நிற்பார்கள். பேராசிரியர் இல்லாத நேரத்தில் அப்பா நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அதையெல்லாம் பார்த்துவைத்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் ஒரு வாடை வரும். ஆஸ்பத்திரி வாடை மாதிரி, மூக்கை அரிக்கும். அந்தச் சட்டையை அம்மா தனியாகத்தான் துவைப்பாள்.

அந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. நிரந்தரம் என்றால் மாதச் சம்பளம், லீவு நாளுக்கும் சம்பளம், சாகிறவரைக்கும் ஏதோ ஒரு காசு. பேராசிரியர் அப்பாவிடம், "இந்தப் பிராக்டிகல் நல்லபடியா முடியட்டும்வே. உமக்குத்தான் எழுதிக் குடுக்கப் போறேன்" என்று சொல்லியிருந்தார். அப்பா அதை வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா அதை வளவில் எட்டு வீட்டுக்கும் சொன்னாள். நான் மட்டும் பயந்துகொண்டே இருந்தேன். மாதா கோயில் முன்னால் போகிறபோதெல்லாம் நின்று, "பிராக்டிகல் நல்லபடியா முடியணும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். பிராக்டிகல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது.

பரீட்சைக்குப் பைன் ஊசியிலை வேண்டும். நம் பக்கம் அந்த மரம் ஏது? பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய சமயம், மாமாவிடம் கம்பளிச் சட்டை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அப்பா கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினார். கல்லூரியில் ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். போய் வந்த செலவை அதில் எழுதிக் கொடுத்தால் பிறகு காசு வரும். கையில் இருந்த காசைப் போட்டுத்தான் போனார்.

மூன்றாம் நாள் ஒரு சாக்கோடு வந்து இறங்கினார். சாக்கின் வாயை அவிழ்த்ததும் வளவு முழுக்க ஒரு மணம். சாம்பிராணி போல, ஆனால் பச்சையாக. பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

அம்மா ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்தாள். "இதுக்கா மூணு நாளு போனீய? இது நம்ம கடற்கரைச் சவுக்குதான? மணப்பாட்டுக்குப் போயிருந்தா ஒரு வண்டி அள்ளிட்டு வந்திருக்கலாமே."

"சவுக்கு இல்ல. நல்லாப் பாரு."

"நான் பாத்ததுதான். எங்க ஊருல இத அடுப்புக்குள்ள வைப்போம்."

"ஏட்டி, ஒங்கம்மைக்கு எண்ணிக் காட்டு" என்று அப்பா என் பக்கம் ஒரு கொத்தை நீட்டினார். அடியில் காகிதம் சுற்றினாற்போல ஒரு சின்ன உறை. அதற்குள்ளிருந்து நீளமாக மூன்று ஊசி. "எந்தக் கொத்த எடுத்தாலும் மூணு. ரெண்டு இருந்தா ஒண்ணு ஒடஞ்சி விழுந்துருக்குன்னு அர்த்தம். அதத் தள்ளிரணும், வைக்கப்படாது. மூணு இல்லைன்னா சாருட்ட எனக்குத்தான் ஏச்சு."

அம்மாவிடம் அவர் அந்தக் கிளைகளை மட்டும்தான் காட்டினார். எனக்கு ஒரு பைன் காயும் கொடுத்தார். மரத்தில் செதுக்கிய தாழம்பூ மாதிரி இருந்தது. வெயிலில் வைத்தால் இதழ் இதழாக விரியும். ஒருநாள் கோடைமழை பெய்து காற்று ஈரமானபோது தானாகவே மூடிக்கொண்டது. செத்துவிட்டதோ என்று பயந்து அழுதேன். மறுநாள் வெயிலில் திரும்ப விரிந்தது. அதை எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்று தெரியவில்லை.

அப்பா காட்டாத ஒன்று இருந்தது. கொடைக்கானலில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பங்களாத் தோட்டத்தில், மற்ற மரங்களைப் போலவே நின்ற ஒரு மரத்தை அவர் கண்டுபிடித்திருந்தார். பட்டை ஒன்றுபோல, வாசம் ஒன்றுபோல, தூரத்திலிருந்து பார்த்தால் நிழல்கூட ஒன்றுபோல. ஆனால் அதில் கொத்துக்கு இரண்டே ஊசி. மரமே அப்படித்தான், அது வேறு இனம். விரலில் உருட்டிப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். மூன்று ஊசிக்காரன் முக்கோணமாக உருளுவான். இரண்டு ஊசிக்காரன் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. நுண்ணோக்கியில் வைத்தால் அரை நிலா. பேராசிரியரிடம் கொண்டுபோய் ஒரு கொத்தைக் காட்டியபோது அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம்.

"யாருக்கும் சொல்லாதேயும்வே" என்றிருக்கிறார் பேராசிரியர். "இதத்தான் கேள்வியா வைக்கப் போறேன். ஏ-ன்னு ஒரு உறையில மூணு ஊசி, பி-ன்னு ஒரு உறையில ரெண்டு ஊசி. ரெண்டும் என்ன, எப்பிடிப் பிரிச்சுச் சொல்லுவே? அவ்வளவுதான் கேள்வி. வாற தேர்வாளரு அசந்துருவாரு."

ஆய்வகத்தில் வைத்தால் பையன்கள் எப்படியும் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதனால் பி உறைகளை மட்டும் அப்பா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். கேள்வி வெளியே போகக் கூடாது என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரகசியத்தை ரகசியமாகவே வைத்தார். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால், மாமா சொல்லித்தான் தெரியும்.

ஏ உறைகளை நாங்கள் செய்தோம். அம்மா தாளை வெட்டுவாள். கம்பவுண்டர் மாத்திரைப் பொடி மடிக்கிற மாதிரி மடிப்பாள். நான் எண்ணி உள்ளே வைப்பேன். கருவேலம்பிசினைச் சிரட்டையில் ஊறவைத்து, வேப்பங்குச்சியால் தொட்டு, அம்மா மேலே சீட்டு ஒட்டுவாள். "படிச்ச புள்ளைகளுக்கு எண்ணத் தெரியாதா? மூணு எலைய எண்ணுததுக்கு ஒரு காலேஜு!" என்று சொல்லிக்கொண்டே ஒட்டுவாள். அப்பா சிரிப்பார். அந்த ஒரு வாரம் அவர் நிறையச் சிரித்தார். மாமாகூட ஒருநாள் வந்து, "ஓய், நிரந்தரம் ஆயிட்டா என்னயத் தெரியுமாவே உமக்கு?" என்று கேட்டார். "கம்பளிச் சட்டையத் திருப்பித் தாரதுக்காவது தெரியணும்லா" என்றார் அப்பா.

அந்தச் சமயம் பார்த்து எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு தாடையும் பந்து மாதிரி வீங்கி, பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக் கிடந்தேன். அதற்குத் தங்கம் போட வேண்டும் என்பார்களே; எங்களிடம் ஏது தங்கம், பக்கத்து வீட்டுக்காரியின் சங்கிலியை இரவல் வாங்கி அம்மா என் கழுத்தில் போட்டாள். சங்கிலி தொலைந்துவிடுமோ என்கிற பயத்தில் காய்ச்சலே மறந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கினேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம். அம்மா அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருந்தாள். நான் சங்கிலியைத் தடவிக்கொண்டு படுத்திருந்தபோது, அலமாரி மேல்தட்டில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் கண்ணில் பட்டது. சிவப்பு நூலால் கட்டியிருந்தது. நாங்கள் செய்த உறைகளெல்லாம் ஏற்கெனவே கல்லூரிக்குப் போய்விட்டன. அப்படியானால் இது என்ன? அப்பா மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாரோ? ஸ்டூலைப் போட்டு ஏறி இறக்கினேன்.

உள்ளே இருபது உறை. அப்பாவே மடித்தவை. ஒன்றைப் பிரித்தேன். கொத்தில் இரண்டு ஊசிதான் இருந்தது. அடுத்ததைப் பிரித்தேன். இரண்டு. அடுத்ததும் இரண்டு. இருபதையும் பிரித்துவிட்டேன். இருபதும் இரண்டு. அப்பா கண் தெரியாமல் எல்லாம் உடைந்ததாகப் பார்த்து மடித்துவிட்டார். நாளைக்குச் சார் பிரித்துப் பார்ப்பார். ஏசுவார். நிரந்தரம் போய்விடும்.

அடுக்களையில் சிரட்டைப் பிசின் இருந்தது. சாக்கின் அடியில் மீந்துபோன மூன்று ஊசிக் கொத்துகள் கிடந்தன. அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நுனியைப் பிசினில் தொட்டு, இரண்டு ஊசிக்கு நடுவே, அந்தச் சின்ன உறைக்குள் பையச் செருகினேன். நீளம் கூடினால் கத்தரித்தேன். அப்பா மாதிரியே நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு செய்தேன். ஒன்று முடிந்ததும் வெயிலில் காயவைத்து, ஊதி, மூன்று முறை எண்ணி, பழைய மடிப்பிலேயே மடித்தேன். சிவப்பு நூலை அதே முடிச்சாகப் போட்டேன். அம்மா ஈரத்துணியோடு வந்தபோது பொட்டலம் மேல்தட்டில் இருந்தது, நான் படுத்திருந்தேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், என் ஆயுசில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்தது அந்தச் சாயங்காலம்தான். வீக்கம்கூட வடிந்துவிட்டது. அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "என்னக்கா, சங்கிலி பிசுபிசுன்னு இருக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டது காதில் விழுந்தது. "காய்ச்ச வேர்வை" என்றாள் அம்மா.

மறுநாள் சாப்பாட்டை நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பரீட்சை நல்லபடியாக முடிவதைப் பார்க்க வேண்டும். ஆற்றுப்பாலத்துப் பக்கமிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் வெயிலில் நடந்து, ஆய்வகத்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். உள்ளே நீள மேசைகள். பதினாறு பேரும் தலையைக் கவிழ்த்துப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி மேல் பிளேடு படுகிற சத்தம் மட்டும்.

ஒற்றைச் சடை போட்ட ஒரு அக்காதான் முதலில் கையைத் தூக்கினாள்.

"சார், பி-யில ஊசி மூணு இருக்கு சார். ஆனா செக்‌ஷன் பார்த்தா அரை வட்டம் வருது. ரெண்டும் சேரமாட்டேங்குது சார்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "சார், எனக்கு முக்கோணம் வந்துருக்கு" என்றான்.

"எனக்கு அரைவட்டம்."

"ஒரே கொத்துல ரெண்டும் வருது சார்!"

தேர்வாளர் ஒல்லியான மனிதர், தங்க ஃபிரேம் கண்ணாடி. அந்த அக்காவின் தட்டிலிருந்து கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடு ஊசியை இரண்டு விரலால் லேசாக இழுத்தார். அது வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வந்துவிட்டது. நுனியை மூக்கருகே கொண்டுபோனார். பேராசிரியரைப் பார்த்தார்.

"என்ன சார் இது? பிசின் மாதிரி இருக்கு?"

பேராசிரியர் வேறு ஒரு உறையை எடுத்துப் பிரித்தார். அடுத்ததை. அடுத்ததை. அவர் காது மடல் சிவந்துகொண்டே போனது எனக்கு வாசலிலிருந்து தெரிந்தது.

"இங்க வாய்யா" என்றார். எப்போதும் போல 'வாரும்வே' என்று கூப்பிடவில்லை.

அப்பா வந்தார். பேராசிரியர் அந்த ஊசியை அவர் உள்ளங்கையில் போட்டார். "இத ஒட்டுனது யாரு?"

அப்பா அதை விரலில் உருட்டினார். முக்கோணமாக உருண்டிருக்கும். பிசினை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். இல்லை, என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"நாந்தான்யா" என்றார்.

"நீயா? நீதான அத ரெண்டு ஊசின்னு கண்டுபிடிச்சிக் கொண்டாந்தே?"

"ஆமாய்யா."

"அப்ப என்னத்துக்குய்யா ஒட்டுனே?"

அப்பாவுக்குப் பொய் வராது. "பாக்க நல்லாருக்கும்னு..." என்றார்.

தேர்வாளர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அவர் சிரித்ததும் பதினாறு பேரும் சிரித்தார்கள். 'ஒரு செக்‌ஷன் அண்ணாச்சி' என்று கெஞ்சியவர்களும்தான். மாமா மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவிவைத்த கண்ணாடித் தட்டுகளைத் திரும்பக் கழுவினார். பேராசிரியர் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு எல்லாருக்கும் அதன் மதிப்பெண்ணைப் போடச் சொன்னார்.

அந்த இடத்தில் ஓடிப்போய், நான்தான் என்று கத்தியிருக்கலாம். தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா தூக்குவாளியைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தார். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கேட்கவில்லை. விஷயம் மாமா வீட்டு அத்தை வழியாக அம்மாவுக்கு மறுநாளே வந்துவிட்டது.

"ஏங்க, நெசமாவா? நீங்களா ஒட்டுனீய?"

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"கிறுக்காங்க புடிச்சிருக்கு உங்களுக்கு? கையில வந்தத எவனாவது தட்டி விடுவானா?"

அம்மாவை அவர் பார்த்த அந்தப் பார்வை எனக்கு அன்று புரியவில்லை.

இடம் வேறு ஒருவருக்குப் போனது. அப்பா இன்னும் இரண்டு வருஷம் தினக்கூலியாகவே அங்கே இருந்தார். ஆனால் பிளேடை அவர் கையில் கொடுக்கவில்லை. செடிக்குத் தண்ணீர் விடச் சொன்னார்கள். பிறகு அவரே விட்டுவிட்டு ஜங்ஷன் பக்கம் ஒரு அரிசி மண்டியில் மூட்டைக் கணக்குப் பார்க்கப் போனார். ஆய்வகச் சாமான் ஒன்றைக்கூட அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஒரு சீட்டு ஒட்ட வேண்டுமென்றால்கூட வெளியிலேயே ஒட்டிக்கொண்டு வருவார்.

எனக்கு மறுவருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளைக் கொடுத்ததும் கேள்வி எத்தனை என்று எண்ணுவேன். திரும்ப எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். "புள்ளைக்குப் படிப்பு ஏறல" என்றாள் டீச்சர். "அப்பன் புத்தி" என்றாள் அம்மா. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னய வச்சு யாரும் கேலி பண்ணுதாளுவளாட்டி?" என்று கேட்டார். எனக்கு அது வசதியாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் உங்களுக்கு நடந்த மாதிரித்தான். கல்யாணம், பிள்ளை, வாடகை வீடு மாறுவது. அம்மா மட்டும் அதை விடவில்லை. வீட்டில் குடம் ஒழுகினாலும், நாற்காலிக் கால் ஆடினாலும், "ஒங்கப்பாவக் கூப்பிடு, ஒட்டித் தருவாரு" என்பாள். பேரன் பேத்திகள் முன்னாலும் சொல்வாள். அப்பா சிரித்த மாதிரி இருப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தார்.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் காலையில் நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். ஜன்னல் பக்கக் கட்டில். அம்மா மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். அப்பா என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன். ஒங்கம்மைட்ட கேட்டுறாத."

"என்னப்பா?"

"அந்த ஊசி... ஒட்டுனது நான் இல்லட்டி. அவதான். நம்ம வீட்டுப் பிசின். எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிட்டு."

நான் கஞ்சிக் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"கெட்ட எண்ணத்துல செய்யல பாவம். மூணு இருக்கணும், மூணு இருக்கணும்னு நான்தான கெடந்து அடிச்சிக்கிட்டேன். எனக்கு ஏச்சு விழுந்துரக் கூடாதுன்னு செஞ்சிருக்கா. அப்புறம் பயந்துபோயி மறைச்சிட்டா. போட்டும்." மூச்சு வாங்கினார். "நானும் கேட்டதில்ல. கேட்டா அவளுக்குத் தாங்காது. அந்தக் கேலி பண்ணுததெல்லாம் அதுனாலதான். பயத்துல பேசுதா. நீ ஒண்ணும் நெனச்சிக்கிடாத அவள."

நான் வாயைத் திறந்தேன். நெசமாகவே திறந்தேன். அப்போது அம்மா மருந்தோடு உள்ளே வந்தாள். "என்ன, அப்பாவும் மவளும் என்னத்த ஒட்டுதீய?" என்றாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார், பாத்தியா என்கிற மாதிரி.

மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அவருக்கு நினைவு இல்லை. அதற்கு அடுத்த நாள் அவரே இல்லை.

அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். செய்யாத ஒன்றைச் செய்தாய் என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் உன்னை மன்னித்து மன்னித்து வாழ்ந்தார் என்று சொல்ல வேண்டும். அவர் செய்யாத ஒன்றுக்கு முப்பது வருஷம் நீ அவரைக் குத்தினாய் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது, இதயத்தில் கோளாறு. எப்படிச் சொல்வது? நாளைக்கு, பண்டிகை கழியட்டும், வெயில் தணியட்டும் என்று பதினொரு வருஷம் தள்ளினேன். தள்ளுவதற்கு எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்தது. இப்போது அவளும் போய்விட்டாள். இருபத்தொரு பேரில் எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்களோ தெரியாது. தெரிந்து எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பதால் எழுதுகிறேன். எழுதினால் குறையும் என்று சொன்னார்கள். குறைகிற மாதிரி இல்லை. களைப்பாகத்தான் இருக்கிறது.

கொடைக்கானல் போய் வந்த செலவுச் சீட்டை அப்போதே கல்லூரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொண்டுவந்த இலைமாதிரிகள் சரியில்லை, பணம் கொடுப்பதற்கில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அம்மா அதை மடித்துத் தன் ஜெபமாலை டப்பாவுக்குள் வைத்திருந்தாள். கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறியபோது, யார் யார் நமக்குத் தர வேண்டும் என்று ஒரு பட்டியல் சொல்வாள். அதில் கல்லூரிதான் முதல். "அது அவரு கைக்காசுட்டி. மலைக்குப் போயி எம்புட்டு குளுருல நின்னாரோ. நீ போயிக் கேட்டியா?" என்பாள்.

"கேட்டேம்மா. தாரோம்னு சொல்லியிருக்காவ."

"எவ்வளவுன்னு சரியாச் சொன்னியா?"

சொன்னேன் என்பேன். நம்பாமல், என் வாயால் திரும்பச் சொல்லச் சொல்வாள். மூன்று முறை சொன்னால்தான் கண்ணை மூடுவாள். முப்பத்தெட்டு ரூபாய் எழுபது காசு.